கிழவி எத்தனை முறை ஏறினாள்

ஜூன் 14

நண்டு,

பல்கலைக்கழக விடுதிக்கு வந்து சேர்ந்து ஐந்து நாளாகிறது. அறையில் என்னோடு இரண்டு பேர். ஒருத்தி தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறாள், இன்னொருத்தி விழித்திருக்கும்போதே கடிக்கிறாள். எனக்கு வேண்டிய நுண்ணோக்கி ஆய்வகக் கட்டடத்திலேயே ஒன்றுதான். எனக்கு முன்னால் ஏழு பேர் வரிசையில் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் என் பாக்கியம்.

ஆகவே ஒழுங்காக நடக்க வேண்டிய ஒரே காரியம் உன் கையில் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், எரிச்சல்படாதே. திங்கட்கிழமையிலிருந்து, அப்பா பார்த்துக்கொள்கிற எட்டுக் கிழட்டுக் குரங்குகளில் நாலுக்கு மட்டும் தீனியில் மெக்னீசியப் பொடி கலப்பார்கள். காலைத் தீனி மணி அடித்ததிலிருந்து அரை மணி நேரம் கம்பிவலைக்கு வெளியே நின்று, ஒவ்வொன்றும் மேல்பலகைக்கு எத்தனை முறை ஏறுகிறது என்று எண்ணு. முட்டி வலித்தால் ஏறாது. வலி குறைந்தால் ஏறும். கண்ணில் பட்டதை மட்டும் எழுது. நினைத்ததை எழுதாதே, ஆசைப்பட்டதை எழுதாதே. தாளில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. மழையோ சண்டையோ தீனி தாமதமோ, வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அதில் எழுத வேண்டும்.

அப்பாவுக்குத் தனியாக எழுதப்போவதில்லை. "நான் தூக்கி வளர்த்ததோட முட்டியில நீ ஊசி குத்துறியா?" என்று ஆராய்ச்சி நிலைய வாசலில் எல்லார் முன்னாலும் கேட்டாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. குரங்குகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்றால், அவற்றின் முட்டியைப் பார்ப்பது என் வேலை. அம்மாவின் முட்டியைப் பதினைந்து வருடம் பார்த்தவள் வேறு எதைப் படித்திருக்க வேண்டும்?

தாளை சனிக்கிழமைதோறும் அனுப்பு.

அக்கா


ஜூன் 22

அக்கா,

முதல் வாரத் தாளை அப்பா தபாலில் சேர்த்துவிட்டார். இந்தக் கடிதத்தை நான் தனியாகப் பள்ளிக்கூட வாசல் பெட்டியில் போடுவேன். போனில் பேச முடியாது. வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில்தான் குடியிருக்கிறது. உன் பேச்சை எடுத்தாலே அவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொள்கிறார். எல்லாரும் படுத்த பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். குழாய் சொட்டுகிறது. எழுத்து கோணினால் திட்டாதே.

முப்பத்தொன்றாம் எண், அதாவது நம் கிழவி, ஆறு நாளும் பூஜ்யம். இடது முட்டி எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. மற்றதுகள் மேலே உட்கார்ந்து தின்றுவிட்டு எறிவதைத் தரையில் பொறுக்குகிறாள். நேற்று இருபத்தாறாம் எண் குரங்கு அவள் கையிலிருந்தே பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. துரத்த எழுந்தாள், பாதியில் நின்றாள், மெல்ல உட்கார்ந்துவிட்டாள். கீழ்த்தட்டில் பாத்திரம் எடுக்கப் போய் அம்மா பாதியில் நிற்பாளே, அப்படியே இருந்தது.

அம்மாவுக்குக் கொடுக்கும் வலி மாத்திரையை இவளுக்கும் கொடுத்தால் என்ன? அப்பாவும் குரங்கு டாக்டரிடம் அதைத்தான் கேட்டாராம். "ஆய்வு முடியட்டும்" என்றாராம் அவர். அப்பா வீட்டுக்கு வந்து, "ஆய்வுக்கு என்ன, முட்டியா வலிக்குது?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நீ சொன்னால் டாக்டர் கேட்பார்.

நண்டு


ஜூன் 29

நண்டு,

கூடாது. கூடவே கூடாது.

மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடியும், அவள் ஏறுவாள். ஏறவைத்தது பொடியா மாத்திரையா என்று பிறகு யார் வந்து சொல்வது? இந்த நோய் எலிக்குத் தானாக வராது. மனிதருக்கு வரும், வயதான குரங்குக்கு வரும். அதனால்தான் அவளிடம் போய் நிற்கிறோம். நோயை அவளுக்கு நான் கொடுக்கவில்லை, வயது கொடுத்தது.

கிளம்பும் முன் ஊசியால் எடுத்துவந்த அவள் முட்டி நீரைப் போன வியாழக்கிழமை பார்த்தேன். இருட்டுப் பின்னணியில் குட்டிக் குட்டிச் சாய்சதுரங்கள் மின்னுகின்றன. நீ வடிவியல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தது மாதிரி, ஓரமெல்லாம் கூர்மை. கால்சியம் உப்பு. குருத்தெலும்பில் வருடக்கணக்கில் படிந்து, ஒருநாள் உதிர்ந்து மூட்டுக்குள் விழும். கண்ணாடித் தூள் விழுந்த கண் எப்படி இருக்கும்? முட்டி அப்படி ஆகிவிடும். அம்மாவுக்கும் இதேதான். மாத்திரை வலியை மறைக்கும், சாய்சதுரம் அங்கேயே இருக்கும். அதைக் கரைக்க இன்றுவரை ஒன்றும் கிடையாது. அதற்குத்தான் இந்தப் பாடு.

பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணு. எனக்கு அது பழகிவிட்டது, இந்த அறையில் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம்.

அக்கா


ஜூலை 26

அக்கா,

தாள்கள் கிடைத்திருக்கும். கிழவி ஏறுகிறாள். முந்தாநாள் ஐந்து முறை. நான் பார்த்ததைத்தான் எழுதினேன், ஒன்றுகூட கூட்டி எழுதவில்லை. பொடி தின்கிற மற்ற மூன்றும் பழைய மாதிரியேதான் இருக்கின்றன.

ஒரு தாள் தப்பாக இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள முடியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதத்து மாத்திரை இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டதாம், மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. "ஒரே ராத்திரியில ரெண்டு தடவ போட்டுக்குறேன் போல. புத்தி பிசகிப்போச்சு எனக்கு" என்று அப்பாவிடம் அழுதாள். அவர் நாள்காட்டியில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், மாத்திரை போட்டதும் கோடு போடச் சொல்லி. கோடு சரியாக இருக்கிறது, மாத்திரைதான் குறைகிறது. அவள் இப்போது கோட்டையும் நம்புவதில்லை.

பள்ளிக்கூடத்தில் விசேஷம் ஒன்றுமில்லை. தூக்கம் சரியாக வருவதில்லை, வெயில் காரணமாக இருக்கலாம்.

நண்டு


ஆகஸ்ட் 3

என் தங்கமே,

தப்பான தாள் என்று எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் அது சரியான தாள்.

உன் கணக்கைப் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, இரண்டு, ஐந்து! தீ மணி அடித்தாலும் நாற்காலியை விட்டு எழாத மனிதர் எழுந்து நின்றார். நவம்பர் மாநாட்டில் பேசப்போகிறாராம். கிழவி ஏறினாள் என்று எழுதின பெண் எட்டாம் வகுப்பா ஒன்பதாம் வகுப்பா என்று வேறு கேட்டார்.

மற்ற மூன்றும் ஏன் மசியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் சொல், மறதிக்கும் முட்டிக்கும் சம்பந்தமில்லை என்று. வேண்டுமானால் ஊர் திரும்பியதும் நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

நண்டு,

இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். அதே பொடி, அதே அளவு, அதே வயது. ஒருத்தி மட்டும் ஏறுகிறாள், மூன்று பேர் கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாநாட்டில் இதை எவனாவது ஒருவன் எழுந்து கேட்டால் பேராசிரியர் என் பக்கம்தான் கையைக் காட்டுவார்.

நேற்றுக் குளிக்கும்போது விடை கிடைத்தது. பொடியைக் கலப்பது யார்? அப்பா. கிழவி யாருடைய செல்லம்? அப்பாவுடைய செல்லம். நாலு கிண்ணத்துப் பொடியையும் ஒரே கிண்ணத்தில் கொட்டியிருக்கிறார். நான் ஊசி குத்தினதற்குப் பழியோ, அவள் மேல் பாசமோ, எதுவாக இருந்தாலும் என் ஆய்வு குட்டிச்சுவர்.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். பெற்றவர் என்று பார்த்து மறைத்தால் நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை. சொல்லிவிட்டு வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன், அதையும் தெரிந்துகொள்.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை எண்ணிக்கொண்டிருந்தேன். மேலாளர் நேராகத் தீனிக்கொட்டகைக்கு வந்தார். "எதுக்குய்யா உனக்கு இந்த வேண்டாத வேலை? அவ்வளவு செல்லம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த் தொட்டில் கட்டு" என்றார். அப்பா, "நாலு கிண்ணத்துக்கும் தராசுல நிறுத்துத்தான் போட்டேன் சார்" என்றார். "உன் மூத்த பொண்ணே நீ அப்படிப் போடலைன்னு சொல்லுதே?" என்றார் மேலாளர்.

அப்பா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வளையம், துருப்பிடித்திருந்தது. மேலாளர்தான் கழற்றினார்.

இப்போது அவர் சாக்கடை கழுவுகிறார். அக்டோபர் 20ஆம் தேதி விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும், இந்தக் குடியிருப்பு வீட்டையும் காலி செய்ய வேண்டும். முன்பெல்லாம் அவர் தெரு முனையில் வரும்போதே கலகலவென்று கேட்கும். நேற்று அவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததே எங்களுக்குத் தெரியவில்லை.

அப்பா செய்யவில்லை அக்கா. எனக்குத் தெரியும்.

நண்டு


செப்டம்பர் 3

எப்படித் தெரியும்?

உன் கடைசித் தாளை எடுத்துப் பார். அப்பாவின் சாவி போன நாளிலிருந்து கிழவி: ஐந்து, மூன்று, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். புது ஆள் அளந்து கலக்கிறான், கூடுதல் பொடி நின்றது, அவள் இறங்கிவிட்டாள். இதைவிடத் தெளிவாக யார் சாட்சி சொல்ல முடியும்? பேராசிரியர் அந்தத் தாளைத்தான் விசாரணைக்கு அனுப்பப்போகிறார். உன் கையெழுத்தில் இருக்கிற தாள்.

உனக்கு மட்டும்தான் அப்பாவா? என் தொண்டையில் சோறு இறங்கி ஒரு வாரமாகிறது. தெரியும் தெரியும் என்று எழுதாதே. தெரிந்ததை எழுது.

அக்கா


செப்டம்பர் 8

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துத் தண்ணீரில் விட்டுவிட்டேன். இது நாலாவது.

மாத்திரை கொடுத்தேன். அம்மாவின் மாத்திரை, தினமும் பாதி. நீ கூடாது என்று எழுதின கடிதம் வந்த மூன்றாம் நாளிலிருந்து. முதல் நாள் அந்தப் பாதியைப் பொடிக்காமல் அப்படியே வாழைப்பழத்துக்குள் வைத்தேன். கிழவி பழத்தைப் பிளந்து, இரண்டு விரலால் மாத்திரையைப் பொறுக்கி என் மேலேயே எறிந்தாள். அப்புறம் பொடித்துச் சர்க்கரையோடு கலந்தேன். அதைக் கன்னத்துப் பையில் அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அவள் விழுங்கும்வரை நிற்பேன். அதனால் தினமும் தாமதம், வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள்.

ஆறாம் நாள் ஏறினாள். 'ஒன்று' என்று எழுதிவிட்டு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறிப்புக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது. ஜூலைத் தாளில் பார், அந்தப் புள்ளி இருக்கும். அதற்குமேல் எழுத வரவில்லை. எண்ணினதெல்லாம் நிஜம் அக்கா. ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

நீ 'என் தங்கமே' என்று எழுதின நாளில் சொல்லியிருக்க வேண்டும். நீ அப்படி எழுதி எவ்வளவு நாளாகிறது!

சாவி போன அன்று பயந்து நிறுத்திவிட்டேன். நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அது அப்பா மேலேயே போய் விழும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. மறுநாள் காலை கிழவி வலைக்கு வந்தாள். வெறுங்கையைக் காட்டினேன். அவள் வலை வழியாகக் கையை விட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு கையையும் கேட்டாள்.

அம்மாவுக்கு மறதி இல்லை. அதையும் சொல்லவில்லை நான். அவள் இப்போது அடுப்பை அணைத்தோமா என்று நாலு தடவை எழுந்து பார்க்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். போலீஸ் வருமா?

நண்டு


செப்டம்பர் 14

போலீஸ் வராது. வந்தாலும் உன்னை வைத்துச் சோறு போட அவர்களால் ஆகாது.

அளவு தெரியாமல் மனித மாத்திரையைக் கொடுத்திருக்கிறாய். வயிறு புண்ணாகி, உள்ளே ரத்தம் கசிந்து செத்திருப்பாள். சாகாதது உன் அதிர்ஷ்டம். உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கடிதத்தைத் தூக்கி எறிந்தேன், கட்டிலுக்கு அடியில் போனது, பல்லைக் கடிக்கிறவள் எடுத்துக் கொடுத்தாள்.

பேராசிரியருக்குப் படித்துக் காட்டினேன். "அப்பாவைக் காப்பாத்தச் சின்னப் பொண்ணு கட்டின கதை" என்றார். அவர் மாநாட்டுக்குத் துணி தைக்கக் கொடுத்துவிட்டார், வேறு எப்படிச் சொல்வார்? ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் இதற்கு ஒத்துக்கொண்டார்: திங்கட்கிழமையிலிருந்து குரங்கு டாக்டர் கிழவியின் எடைக்குத் தக்க மாத்திரையை எல்லார் கண் முன்னாலும் கொடுப்பார். பொடி புது ஆள் கையால் அதே அளவு. நீ எண்ணு, அந்த ஆள் தினமும் தாளில் கையெழுத்துப் போடட்டும்.

கிழவி ஏறினால், ஏறவைத்தது மாத்திரை. அப்பா கிண்ணம் மாற்றவில்லை என்று ஆகும். ஏறாவிட்டால் உன்னை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அவள் ஏறினால் என் பொடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் அதே தாளில் இருக்கும். தெரிந்துகொண்டே எண்ணு. அப்பா பக்கம் சாய்ந்தும் எண்ணாதே, என் பக்கம் சாய்ந்தும் எண்ணாதே.

அம்மாவிடம் உண்மையைச் சொல். இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே.

அக்கா


அக்டோபர் 4

அக்கா,

சொன்னேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு மறதி இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து போய் நாள்காட்டிப் பென்சிலைக் கயிற்றோடு பிய்த்து எறிந்தாள். அதற்கு அப்புறம்தான் முதுகில் இரண்டு வைத்தாள். இரண்டு மாதமாகத் தன் புத்தியையே சந்தேகித்தவள், அடி பலமாகத்தான் இருந்தது.

அப்பா, "இதச் சொல்றதுக்கு இவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காலையில் நான் கொண்டுபோகிற தேநீரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தாள் தனியாக வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாலு நாளும் பூஜ்யம். புது ஆள், "பாப்பா, உன் கணக்கு தேறாது போலிருக்கே" என்றான். கையெழுத்துப் போடும்போதெல்லாம் சிரித்தான். ஐந்தாம் நாள் கிழவி இரண்டு படி ஏறி, நின்று, இறங்கிவிட்டாள். மேல்பலகையைத் தொடவில்லை. பூஜ்யம்தான் போட்டேன்.

ஏழாம் நாள் ஒன்று. பத்தாம் நாள் நாலு. நேற்று ஆறு. இருபத்தாறிடமிருந்து பழத்தைத் திருப்பிப் பிடுங்கிவிட்டாள். மற்ற மூன்றும் அப்படியே.

அவள் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது. அடுத்த நொடி உன் ஞாபகம் வருகிறது. குறிப்புக் கட்டத்தை எல்லா நாளும் நிரப்பியிருக்கிறேன், இடம் போதாமல் பின்பக்கத்திலும். ஜூலைத் தாளின் நகலுக்கும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன்.

நண்டு


அக்டோபர் 13

நண்டு,

விசாரணை இல்லை. மேலாளருக்கு நானே எழுதிவிட்டேன், நான் சொன்னது தவறு என்று. சாவி திரும்ப வந்திருக்கும். கிழவியை ஆய்விலிருந்து நீக்கியாகிவிட்டது, மாத்திரை தொடரும். பேராசிரியர் மாநாட்டுக்குப் போகவில்லை. தைத்த துணியை என்ன செய்தார் என்று தெரியவில்லை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார்.

உன்னால் போனது பொடி அல்ல. அது தானாகவே தோற்றது, மற்ற மூன்றும் முதலிலிருந்தே அதைத்தான் சொன்னார்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. உன்னால் போனது நான் நம்பின மூன்று மாதம். அதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனா வரவில்லை. பொய் எழுதாதே என்று உனக்குச் சொன்னவள் நான். காத்திரு.

டாக்டர் புதிதாக எடுத்து அனுப்பின மற்ற மூன்றின் முட்டி நீரோடு இன்றும் நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். சாய்சதுரங்கள் அங்கேயே இருக்கின்றன, ஒன்றுகூட குறையவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவுக்கு எழுத நாலு தாள் எடுத்தேன். நாலிலும் 'அப்பா' என்ற வார்த்தைக்கு மேல் போகவில்லை.

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

இதைப் பகலில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா எதிரில் கீரை ஆய்கிறாள்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார், ஒரு பக்கமும் திருப்பவில்லை. நாலு தாளிலும் 'அப்பா'வுக்கு மேல் போகவில்லை என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சாவிச் சத்தம் தெரு முனைவரை கேட்டது.

இன்று காலை தேநீர் கொண்டுபோனேன். கிழவி மேல்பலகையில் உட்கார்ந்து கீழே எல்லாவற்றையும் எறிந்துகொண்டிருந்தாள். எத்தனை முறை ஏறினாள் என்று தெரியாது, எண்ணவில்லை. அப்பா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "அவகிட்ட கேட்டு எழுது. அடுத்த பொடி எப்ப அனுப்புறான்னு. எத்தனை கிராம்னு தெளிவா எழுதச் சொல்லு, கிறுக்க வேண்டாம்" என்றார்.

குறிப்பு: தராசில் தூசி ஏதும் இல்லை. அரை மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நண்டு